குறைந்த விலை மடக்கு சைக்கிளில் வரும் பழுதுகளை வீட்டிலேயே சரிசெய்வது: முழுமையான வழிகாட்டி

மடக்கு சைக்கிளில் அடிக்கடி வரும் பழுதுகளில் பெரும்பாலானவற்றை நான்கைந்து கருவிகளைக் கொண்டு வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். ஆனால் சாதாரண சைக்கிளில் பழகிய வரிசையிலேயே இதிலும் கைவைத்தால், சரிசெய்ததையே திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும். கியர் ஒழுங்காக விழவில்லை என்றால் கியர்த் திருகையும், பிரேக் உரசுகிறது என்றால் பிரேக் திருகையும் முதலில் தொடுபவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன். இந்த வகைச் சைக்கிளில் ஃபிரேமின் நடுவில் ஒரு கீலும் ஹேண்டில் தண்டின் அடியில் ஒரு கீலும் இருக்கின்றன. எல்லாக் கேபிள்களும் அந்தக் கீல்களை ஒட்டியே செல்கின்றன. அங்கே ஆட்டம் இருக்கும்வரை மற்ற எந்தச் சீரமைப்பும் நிலைக்காது.

ஆகவே கீல்கள் முதலில், பிறகு சக்கரங்கள், பிறகு கேபிளும் பிரேக்கும், கடைசியாகக் கியரும் செயினும் என்ற வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் தனக்கு முந்திய படி சரியாக இருப்பதை நம்பியே செய்யப்படுகிறது. 16 அல்லது 20 அங்குலச் சக்கரமும், ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக்கும், பின்னால் ஆறு அல்லது ஏழு கியரும் உள்ள வண்டியை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கியர் இல்லாத வண்டி வைத்திருப்பவர்கள் எட்டாம் பகுதியை விட்டுவிடலாம்.

1. தொடங்குமுன் எடுத்துவைக்க வேண்டியவை

4, 5, 6, 8 மி.மீ. ஆலன் கீகள், 8, 10, 15 மி.மீ. ஸ்பேனர்கள், 14 மி.மீ. சாக்கெட், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ஸ்போக் சாவி ஆகியவை போதும். இவற்றோடு செயின் எண்ணெய், கிரீஸ், பழைய துணி, ஒரு மெல்லிய அட்டை, அழியாத மார்க்கர் பேனா ஆகியவற்றையும் அருகில் வைத்துக்கொள்ளவும். வாய் அகலத்தை மாற்றக்கூடிய ஸ்பேனரைத் தவிர்ப்பது நல்லது. விலை குறைந்த வண்டிகளின் நட்டுகள் மென்மையான உலோகத்தால் ஆனவை. சற்றே தளர்வான ஸ்பேனர் ஒரே திருப்பில் அவற்றின் முனைகளை மழுக்கிவிடும்.

துருப்பிடித்த நட்டை இளக்கும் ஸ்பிரேயைச் செயின் எண்ணெயாகப் பயன்படுத்தக் கூடாது. அது உள்ளே இருக்கும் நல்ல எண்ணெயையும் கிரீஸையும் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும். சில நாள்களில் செயின் உலர்ந்து கிறீச்சிடத் தொடங்கும்.

வண்டியைத் தலைகீழாக நிறுத்தி வேலை செய்யும் பழக்கம் பலருக்கு உண்டு. மடக்கு சைக்கிளில் அப்படிச் செய்தால் முழு எடையும் ஹேண்டில் தண்டின் கீலிலும் ஹேண்டிலில் உள்ள கியர் மாற்றியிலும் இறங்கும். சீட்டின் முன்முனையை உறுதியான ஒரு குறுக்குக் கம்பியில் மாட்டித் தொங்கவிட்டால் பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுழலும்; பெரும்பாலான வேலைகளுக்கு அதுவே போதும்.

2. முதலில் விரிசலைத் தேடவும்

எந்தத் திருகையும் தொடுவதற்கு முன், நடுக்கீலின் இருபக்க வெல்டிங், ஹேண்டில் தண்டின் அடிப்பகுதி, சீட் தண்டு இறங்கும் குழாயின் மேல்விளிம்பு ஆகிய மூன்று இடங்களையும் துணியால் நன்றாகத் துடைத்து வெளிச்சத்தில் பார்க்கவும். இந்த இடங்களில்தான் விசை குவிகிறது. எனவே விரிசல் விழுந்தால் பெரும்பாலும் இங்கேதான் விழும்.

கீறலா விரிசலா என்ற ஐயம் வந்தால் அந்த இடத்தில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் தடவிச் சில நிமிடங்கள் விட்டுவைத்து, முற்றிலும் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் தூளைத் தூவவும். வெறும் கீறல் என்றால் தூள் வெண்மையாகவே இருக்கும். விரிசல் என்றால் உள்ளே இறங்கிய எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைத் தூளின் மேல் மயிரிழை போன்ற கருங்கோடாக எழும்பும்.

கோடு எழுந்தால் அந்த வண்டியை ஓட்டக் கூடாது. அலுமினிய ஃபிரேமில் விரிசலின் மேல் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். வெல்டிங்கின் சூடு சுற்றியுள்ள அலுமினியத்தின் வலிமையைக் குறைத்துவிடும். தொழிற்சாலையில் செய்வது போன்ற வெப்பப் பதம் மீண்டும் கொடுக்கப்படாவிட்டால், ஒட்டுக்கு அருகிலேயே அடுத்த முறிவு வரும்.

3. நடுக்கீல்

வண்டியை விரித்து, லீவரைப் பூட்டி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, கீலின் இரண்டு தட்டுகளும் சந்திக்கும் கோட்டின் மேல் ஒரு விரலை வைக்கவும். மற்றொருவரைச் சீட்டைப் பக்கவாட்டில் அசைக்கச் சொல்லவும். தட்டுகளில் ஒன்று மற்றொன்றுக்கு எதிராக நகர்வது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரிந்துவிடும்.

நகர்வு இருந்தால் உடனே இறுக்கிவிடக் கூடாது. முதலில் கீலைத் திறந்து, தட்டுகளின் உள்முகங்களைத் துணியால் துடைக்கவும். ஒரு மணல் துகள் இடையே இருந்தாலும் தட்டுகள் முழுமையாக ஒட்டாது. அந்த நிலையில் இறுக்கினால் தட்டின் முகத்தில் பள்ளம் விழும். கீலின் அச்சாணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வழிந்ததைத் துடைத்துவிடவும்.

துடைத்த பிறகும் ஆட்டம் இருந்தால் மட்டுமே லீவரின் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். லீவரின் எதிர்முனையில் உள்ள நட்டையோ, லீவரோடு இணைந்த போல்ட்டையோ கால் சுற்று மட்டும் திருப்பி, லீவரை மூடிப் பார்க்கவும். எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பது அமைப்புக்கு அமைப்பு மாறுபடும். கால் சுற்றிலேயே அது தெரிந்துவிடும். லீவர் பாதித் தூரம் வந்தபிறகு எதிர்ப்பு தொடங்கி, கடைசியில் உள்ளங்கையால் அழுத்தி மூடும் அளவில் இருக்க வேண்டும். ஒரு விரலால் மூட முடிந்தால் போதாது; சுத்தியல் தேவைப்பட்டால் மிகையாகிவிட்டது. பூட்டு நட் இருக்கும் அமைப்பானால், சரியான அழுத்தம் கிடைத்ததும் அதை மறக்காமல் இறுக்கவும்; இல்லாவிட்டால் அதிர்வில் அமைப்பு தானே மாறிவிடும்.

லீவர் கடினமாக மூடியும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் தேய்ந்திருப்பது அச்சாணியோ, அதைச் சுற்றியுள்ள உறையான புஷ்ஷோதான். இங்கேதான் பலர் மேலும் மேலும் இறுக்குகிறார்கள். அது லீவர் போல்ட்டை முறுக்கி மெலியவைக்கிறது. அந்த போல்ட் ஓடும்போது அறுந்தால் வண்டி நடுவில் மடங்கும். அச்சாணியை மாற்றுவதே சரியான பழுதுபார்ப்பு. லீவர் தானாகத் திறக்காமல் தடுக்கும் பாதுகாப்புக் கொக்கி முழுமையாக விழுகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடவும்.

4. ஹேண்டில் தண்டும் அதன் அடியில் உள்ள பேரிங்கும்

ஹேண்டில் ஆடுகிறது என்ற குறை எனக்குத் தெரிந்து மிக அதிகமாகத் தவறாகக் கணிக்கப்படும் குறை. ஆட்டம் தண்டின் கீலில் இருக்கலாம். உயரத்தை மாற்றும் பிடியில் இருக்கலாம். ஃபோர்க் சுழலும் ஹெட்செட் பேரிங்கிலும் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு.

முன்சக்கரத்தை 90 பாகை திருப்பி வைத்து, வண்டியை முன்னும் பின்னும் மெல்லத் தள்ளவும். சக்கரம் குறுக்காக நிற்பதால் பிரேக்கைப் பிடிக்காமலேயே சோதிக்க முடியும்; பிரேக் கைகளில் இயல்பாக இருக்கும் தளர்வு உங்களைக் குழப்பாது. இந்த நிலையில் ஹெட்செட்டின் கீழ்க் கிண்ணத்தில் விரல் வைத்தால் ‘டக்’ என்ற அசைவு தெரிந்தால் பழுது பேரிங்கில் இருக்கிறது. அங்கே அசைவின்றி மேலே மட்டும் அசைந்தால் கீலையும் உயரப் பிடியையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்க்கவும்.

கீலில் ஆட்டம் என்றால் மூன்றாம் பகுதியில் சொன்ன முறையே இதற்கும் பொருந்தும்: துடைத்தல், கால் சுற்று, சோதனை.

பேரிங்கில் ஆட்டம் என்றால் அமைப்பைப் பார்க்கவும். மேலே இரண்டு பெரிய நட்டுகள் இருந்தால் அவற்றுக்குப் பொருந்தும் தட்டை ஸ்பேனர் வேண்டும். ஃபோர்க் தண்டு 1 அங்குலம் என்றால் 32 மி.மீ., 1⅛ அங்குலம் என்றால் 36 மி.மீ. மேல் நட்டைத் தளர்த்தி, கீழ் நட்டைக் கையால் ஆட்டம் நிற்கும் அளவு இறக்கி, அதை அசையாமல் பிடித்துக்கொண்டே மேல் நட்டை இறுக்க வேண்டும். கீழ் நட்டைப் பிடிக்காமல் மேலதை மட்டும் இறுக்கினால் இரண்டும் சேர்ந்து சுழன்று பேரிங்கை நசுக்கும். வேறு சில வண்டிகளில் தண்டை மடக்கினால் குழாயின் உள்ளே ஓர் ஆலன் போல்ட் தெரியும். அந்த அமைப்பில் பக்கவாட்டுப் பிடி போல்ட்டுகள் இருந்தால் முதலில் அவற்றைத் தளர்த்திய பிறகே உள் போல்ட்டைச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பிடி போல்ட் இறுகியிருக்கும்போது உள் போல்ட்டை எவ்வளவு திருகினாலும் பேரிங்கின் ஆட்டம் குறையாது, மரைதான் கெடும்.

முடித்ததும் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கவும். கேபிள்களின் இழுப்பைத் தவிர வேறு தடையின்றி ஹேண்டில் இருபக்கமும் திரும்ப வேண்டும். நடுவில் சிக்கி நின்றால் இறுக்கம் அதிகம்.

5. சீட் தண்டு

தண்டு கீழே இறங்கிக்கொண்டே இருந்தால் காரணம் பெரும்பாலும் அழுக்குக் கிரீஸ்தான். தண்டை வெளியே எடுத்து அதையும் குழாயின் உள்பக்கத்தையும் உலர்ந்த துணியால் துடைத்த பிறகு குயிக் ரிலீஸின் (தண்டைப் பிடித்திருக்கும் லீவர்ப் பிடியின்) நட்டைக் கால் சுற்று இறுக்கவும். உள்ளே பிளாஸ்டிக் அல்லது அலுமினிய உறை இருக்கும் வண்டிகளில் அந்த உறை தேய்ந்திருந்தால் மாற்றினால் மட்டுமே பிடிப்பு திரும்பும்.

தண்டில் பொறித்துள்ள குறைந்தபட்சச் செருகல் கோடு எக்காரணத்தைக் கொண்டும் குழாய்க்கு வெளியே தெரியக் கூடாது. மடக்கு சைக்கிளின் சீட் தண்டு மிக நீளமானது. அது குழாயின் விளிம்பில் கொடுக்கும் நெம்பு விசையும் அதற்கேற்ப அதிகம்.

6. டயரும் சக்கரமும்

டயர் வாங்கும்போது ‘20 அங்குலம்’ என்று மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. அந்தப் பெயரில் 406 மி.மீ. ரிம்முக்கான டயரும் உண்டு, 451 மி.மீ. ரிம்முக்கானதும் உண்டு. அதேபோல 16 அங்குலத்தில் 305, 349 என்ற இரண்டு அளவுகள் உள்ளன. ஒன்று மற்றொன்றில் ஏறாது. பழைய டயரின் பக்கச் சுவரில் 47-406 என்பது போன்ற எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் அமரும் விட்டம். இரண்டாவது எண் கட்டாயம் ஒத்திருக்க வேண்டும். காற்றழுத்தத்தின் வரம்பும் அதே பக்கச் சுவரில்தான் இருக்கும்.

பிரேக் உரசினால், பிரேக்கைத் தொடுவதற்கு முன், சக்கரத்தின் அச்சு அதன் பள்ளத்தில் நேராக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும். பஞ்சர் ஒட்டிய பின் வரும் உரசலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அச்சு நட்டைத் தளர்த்தி, வண்டியை நேராகத் தரையில் ஊன்றி, எடை கீழே இறங்கிய நிலையில் மீண்டும் இறுக்கினால் சரியாகிவிடும்.

அச்சு நேராக இருந்தும் ஒரே இடத்தில் உரசினால் ரிம்மில் கோட்டம் இருக்கிறது. கோட்டம் எடுக்க, முதலில் ஸ்போக்ஸ்களை விரலால் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்க்கவும். மந்தமாக ஒலிக்கும் கம்பி தளர்ந்தது. பின்சக்கரத்தில் வலப்பக்கக் கம்பிகளின் ஒலி இடப்பக்கத்தைவிடக் கூர்மையாக இருப்பது இயல்பு என்பதால், ஒரே பக்கக் கம்பிகளை ஒன்றோடொன்று ஒப்பிடவும். ரிம் இடப்பக்கம் விலகினால், அந்த இடத்தில் ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதியின்) வலப்பக்கத்திலிருந்து வரும் கம்பிகளை இறுக்கவும். டயர் பக்கத்திலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பக் கூடாது. சிறிய சக்கரத்தில் கம்பிகள் குட்டையானவை. பெரிய சக்கரத்தைவிடக் குறைந்த திருப்பே கோட்டத்தை மாற்றிவிடும். பழக்கமில்லாதவர்கள் தொடங்கிய இடத்தில் மார்க்கரால் குறியிட்டுக்கொண்டால், தவறினாலும் பழைய நிலைக்குத் திரும்ப முடியும்.

7. கேபிளும் பிரேக்கும்

பிரேக்கைச் சரிசெய்வதற்கு முன் வண்டியை ஒருமுறை மெதுவாக மடக்கி, ஒவ்வொரு கேபிளும் எங்கே வளைகிறது, எங்கே இழுபடுகிறது என்று கவனிக்கவும். கீல்தட்டுகளுக்கு இடையே எந்தக் கேபிளும் சிக்கக் கூடாது. மடக்கும்போது விறைப்பாக இழுபடும் கேபிள் நீளம் போதாதது. நாளடைவில் அதன் உள் கம்பி இழை இழையாக அறுந்துவிடும். அளவுக்கு மீறி நீளமாகத் தொங்கும் கேபிள் கீலில் மாட்டும். அதன் வளைவுகளில் உராய்வும் கூடும்.

வெளியுறையை மாற்றும்போது பிரேக்குக்குப் பிரேக் உறையையே வாங்கவும். பிரேக் உறைக்குள் எஃகுப் பட்டை சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். கியர் உறைக்குள் கம்பிகள் நீளவாக்கில் கிடக்கும். கியர் உறையைப் பிரேக்குக்குப் போட்டால், அவசரத்தில் முழு விசையோடு அழுத்தும்போது அது வெடித்துப் பிளக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் இந்தத் தவறு எளிதில் நடக்கிறது.

இனிப் பிரேக் கட்டைகள். கட்டை முழுவதும் ரிம்மின் மேலேயே படிய வேண்டும். மேல்விளிம்பு டயரைத் தொட்டால் சில நாள்களில் டயரின் பக்கச் சுவரை அறுத்துவிடும். கட்டை கிறீச்சிட்டால் அதன் நட்டைத் தளர்த்தி, கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் இடையே மெல்லிய அட்டையை வைத்து, பிரேக்கைப் பிடித்தபடி நட்டை இறுக்கவும். அட்டையை எடுத்ததும் முன்முனை முதலில் ரிம்மைத் தொடும். பின்முனையில் ஏறக்குறைய 1 மி.மீ. இடைவெளி இருக்கும். சக்கரம் சுழலும் திசையில் கட்டை இழுபட்டுத் தானே சமமாகப் படிவதால் அதிர்வு அடங்குகிறது.

ஒரு பக்கக் கட்டை மட்டும் உரசினால், அந்தப் பக்கப் பிரேக் கையின் அடியில் உள்ள சிறிய திருகை வலஞ்சுழியாக அரைச் சுற்று திருப்பவும். ஸ்பிரிங் இறுகி அந்தக் கை ரிம்மிலிருந்து விலகும். ரிம்மில் எண்ணெய் பட்டிருந்தால் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். எண்ணெய் ஊறிய கட்டையை மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில் காலிப்பரின் (வட்டத் தகட்டைப் பிடிக்கும் பாகத்தின்) இரு பிடி போல்ட்டுகளையும் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி அவற்றை இறுக்கினால் பெரும்பாலான உரசல் தீரும்.

8. கியர்

வண்டியின் பின்னால் குனிந்து, டிரெய்லியரின் (செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் பாகத்தின்) இரு சிறு சக்கரங்களும் அவற்றுக்கு மேலே உள்ள பற்சக்கரமும் ஒரே செங்குத்துத் தளத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கவும். சக்கரம் சிறியது என்பதால் டிரெய்லியர் தரைக்கு மிக அருகில் தொங்குகிறது. மடக்கிய வண்டியைச் சாய்த்து வைக்கும்போதும் முதலில் அடிபடுவது அதுதான். அதைத் தாங்கும் ஹேங்கர் உள்பக்கம் வளைந்திருந்தால் திருகுகளால் எதையும் சாதிக்க முடியாது. எஃகுத் தகட்டு ஹேங்கரைப் பொறுமையாக நிமிர்த்தலாம். அலுமினிய ஹேங்கர் திரும்பத் திரும்ப வளைத்தால் முறியும் என்பதால் மாற்றிவிடுவது நல்லது.

அடுத்து எல்லைத் திருகுகள். ‘எச்’ என்று பொறித்த திருகு மிகச் சிறிய பற்சக்கரத்துக்கு வெளியே செயின் விழாமல் தடுக்கிறது. ‘எல்’ திருகு மிகப் பெரிய பற்சக்கரத்தைத் தாண்டிச் செயின் ஸ்போக்ஸுக்குள் போகாமல் தடுக்கிறது. முன்னதை அமைக்கும்போது கேபிளின் இழுப்பு குறுக்கிடாதபடி அதைத் தளர்த்தி வைக்கவும். பின்னதை அமைக்கும்போது பெடலை மெதுவாகச் சுற்றிக்கொண்டு, டிரெய்லியரைக் கையால் தள்ளிப் பார்க்கவும்.

கேபிளின் விறைப்பு கடைசியில்தான். பெரிய பற்சக்கரத்துக்கு ஏறத் தாமதித்தால், கேபிள் உறையின் முனையில் உள்ள சரிசெய்யும் குமிழை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பவும். சிறியதற்கு இறங்கத் தாமதித்தால் வலஞ்சுழியாக. ஏறுவதிலும் இறங்குவதிலும் தாமதம் இருந்தால் குமிழைத் தொட வேண்டாம். அது உறைக்குள் துருவோ நெருக்கமான வளைவோ ஏற்படுத்தும் உராய்வு. கேபிளையும் உறையையும் மாற்ற வேண்டும். ஹேண்டிலைத் திருப்பும்போது கியர் தானே மாறினால், அந்தப் பக்கத்துக் கேபிள் குட்டையாக இருக்கிறது.

9. செயின், கிராங்க், பெடல்

செயினில் 12 முழுச் சோடிக் கண்ணிகள் (ஓர் உள்கண்ணியும் ஒரு வெளிக்கண்ணியும் சேர்ந்தது ஒரு சோடி) புதிதாக இருக்கும்போது 304.8 மி.மீ. நீளம் இருக்கும். ஓர் ஊசியின் மையத்திலிருந்து 12 சோடி தள்ளியுள்ள ஊசியின் மையம் வரை அளந்து, 306.4 மி.மீ. எட்டியிருந்தால் செயினை மாற்றவும். 308 மி.மீ. வரை விட்டுவிட்டால் பற்சக்கரமும் அதற்கேற்பத் தேய்ந்துவிடும். புதுச் செயின் போட்டாலும் நழுவும். எண்ணெயைச் செயினின் உள்பக்கத்தில் உருளைகளின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டு, சில நிமிடங்கள் கழித்து வெளிப்புறத்தை முற்றிலும் துடைக்கவும். வெளியே தங்கும் எண்ணெய் தூசியைத்தான் சேர்க்கும்.

பெடலை மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ‘டொக்’ என்று கேட்டால், பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கைக் கையால் பக்கவாட்டில் அசைக்கவும். ஒரு கிராங்க் மட்டும் ஆடினால் அதன் போல்ட் தளர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஆடினால் பழுது நடு அச்சின் பேரிங்கில். தளர்ந்த போல்ட்டை 14 மி.மீ. சாக்கெட்டாலோ 8 மி.மீ. ஆலன் கீயாலோ 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கவும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. தளர்ந்த கிராங்கில் சில கிலோமீட்டர் ஓட்டினாலே அதன் சதுரத் துளை உருக்குலைந்து, பிறகு எந்த இறுக்கமும் நிற்காது.

பெடல்களில் இடப்பக்கத்து மரை எதிர்த்திசையானது. ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, வண்டியின் முன்பக்கமாகத் தள்ளினால் இருபக்கமும் இறுகும். பின்பக்கமாக இழுத்தால் கழலும் என்று நினைவில் வைத்தால் குழப்பமில்லை. மாட்டும்போது மரையில் சிறிது கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றவும். கோணலாக ஏறிய பெடல் கிராங்கின் மரையை அறுத்துவிடும்.

10. மடக்கி விரித்துச் சோதித்தல்

எல்லாம் முடிந்ததும் வண்டியை முழுமையாக மடக்கி, மீண்டும் விரித்து, பிரேக்கையும் எல்லாக் கியர்களையும் இன்னொரு முறை பார்க்கவும். விரித்த நிலையில் சரியாக இருந்த பிரேக், ஒருமுறை மடக்கியதும் உறையின் முனை தன் இருக்கையிலிருந்து நழுவியதால் தளர்ந்துபோவதுண்டு. அப்படியானால் உறையின் முனையைச் சரியாக அமர்த்திய பின்னரே விறைப்பைத் திருத்த வேண்டும். மடக்கும்போது பெடல் பின்னோக்கிச் சுழன்று செயின் கழன்றிருக்கிறதா என்றும் பார்க்கவும்.

முதல் ஓட்டம் சமதளத்தில், மெதுவாக, இரு பிரேக்கையும் தனித்தனியே சோதித்தபடி இருக்கட்டும். திரும்பி வந்ததும் கிராங்க் போல்ட், அச்சு நட்டுகள், இரு கீல்களின் லீவர்கள் ஆகியவற்றின் இறுக்கத்தை மறுபடி பார்க்கவும். புதிதாக இறுக்கிய பாகங்கள் எடை ஏறியதும் சற்று அமர்ந்து தளரும். முதல் 50 கிலோமீட்டருக்குள் இன்னொரு முறையும் அதே சோதனையைச் செய்யவும்.